தலையணை உறை, நாற்பத்தெட்டு

வாருங்கள், கொஞ்சம் நெருங்கியே உட்காருங்கள். ஒரு துடைப்பத்தின் விலை ஆயிரத்து இருநூறு ஆன கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அந்தத் தெருவே சிரித்துத் தீர்த்த பிறகுதான் கதை என்னிடம் வந்து சேர்ந்தது.

ஓர் அரசாங்க மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் வெளிநோயாளிகள் வரிசை. அதைத் தாண்டினால் மருந்து கொடுக்கும் ஜன்னல். அதற்கும் பின்னால், எக்ஸ்ரே அறைக்குப் போகிற வழியில், ஒற்றை ஜன்னல் வைத்த நீளமான அறை ஒன்று. கதவுக்கு மேலே ‘கொள்முதல் பிரிவு’ என்று எழுதியிருக்கும். பஞ்சு முதல் பல்பு வரை மருத்துவமனைக்கு வேண்டியதை வாங்கிப் போடுவது அந்த அறையின் வேலை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக எழுத்தராக இருந்தவரை எல்லோரும் ‘ரசீது’ என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பெயர் சும்மா வரவில்லை. பஸ் டிக்கெட்டைக்கூட ஒரு வருஷம் எடுத்து வைத்திருப்பார். ஒருநாள் காய்கறி விற்கிறவளிடம் துண்டுக் காகிதத்தை நீட்டி, வாங்கின காசுக்குக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சா நான் ஏன்யா வெண்டைக்காய் விக்கிறேன்? உன் நாற்காலியில நான் உட்கார்ந்துட்டு உன்னை இங்க உட்கார வெச்சிருப்பேன்” என்று அவள் சொன்னதை, மனிதர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் மாற்றாமல் அப்படியே சொன்னார். அவரால் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

மனைவி தையல்காரி. வீட்டின் முன் அறையே கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரில் ஆணி ஆணியாக நூல்கண்டுகள். தெருவுக்கே அவள் டெய்லர் அக்கா. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே சண்டை போடத் தெரிந்தவள்.

சரி, அந்த அறையில் வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கதை நிற்காது. ஒரு பொருள் வேண்டுமென்றால் மூன்று கடைக்காரர்களிடமிருந்து ஒட்டின உறையில் விலை கேட்டு வாங்குவார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போகும். பொருள் வந்ததும் ஸ்டோரில் எண்ணி வாங்குவார்கள். பிறகு பில். இந்தப் பில்லை அரசாங்கம் கேட்கிற முறையில் எழுத, சின்னக் கடைக்காரர்களுக்கு வராது. ஒரு கோடு தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும். அதனால் ரசீதே அவர்களுக்காகப் பில்லை எழுதி, “இங்க ஒரு கையெழுத்து” என்று வாங்கிக்கொள்வார். பத்து பைசா வாங்கியதில்லை. ஒரு டீகூட அவர் காசில்தான்.

அப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. போன வருஷம் என்ன வாங்கினீர்கள், யாரிடம், எத்தனை, என்ன விலைக்கு என்று பட்டியல் எழுதி, மக்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். யார் கேட்டாலும் கோப்பை எடுத்துக் காட்டுங்கள்.

மற்ற அலுவலகங்களில் எறும்பு எழுத்தில் அச்சடித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்வி. நம்முடைய ஆளுக்கோ கல்யாணக் களை. இருபத்திரண்டு வருஷமாக நேர்கோட்டில் எழுதி வைத்ததை முதல்தடவையாக யாரோ பார்க்கப் போகிறார்கள்! ஒன்பது நாள் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தார். வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக வைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. வெளிநோயாளிகள் வாசலில் தடுப்பூசி விளம்பரம் ஒட்டுகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. அதைவிடப் பட்டியல் நாலு விரல் அகலமாகிப் போனது. வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஸ்கேலை வைத்து, நகத்தால் அழுத்தி, வலதுபக்கம் கடைசிக் கட்டத்தை அழகாகப் பின்னால் மடித்துவிட்டார். வரிசை எண், பொருள், விற்றவர், எத்தனை, விலை எல்லாம் முன்னால் தெரிந்தன. மடிந்து போனது ‘அலகு’ என்கிற கட்டம். டஜன், பெட்டி, கட்டு என்று எழுதியிருக்கும் கட்டம் அது. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாவது நாள், தொண்ணூறாம் நம்பர் டோக்கனை வைத்துக்கொண்டு காத்திருந்த ஒருவர் பொழுது போகாமல் படித்தார். துடைப்பம், விலை ஆயிரத்து இருநூறு. திரும்பவும் படித்தார். கையுறை, தொள்ளாயிரம். சோப்பு, எழுநூற்று ஐம்பது. பக்கத்தில் இருந்தவரை இடித்தார். மத்தியானத்துக்குள் டாக்டர் அறை வரிசையைவிடக் கண்ணாடிப் பெட்டி வரிசை நீண்டுவிட்டது.

ரசீது தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துப் போனார். “பாத்தியாம்மா, ஜனங்க எவ்வளவு ஆர்வமா படிக்கிறாங்க” என்றார் ஸ்டோர் அக்காவிடம். ஸ்டோர் அக்கா சாமான் அறைச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவள்; அவள் வருவது பத்தடிக்கு முன்னாலேயே கேட்கும்.

“அண்ணே, அந்த ஆயிரத்து இருநூறு துடைப்பத்தை நான் மூலையில சாத்தி வெச்சிருக்கேன். எடுத்து லாக்கர்ல வெச்சுடட்டுமா?”

“ஏன், என்னாச்சு?”

“சும்மா கேட்டேன். கூட்டுறதுக்கே பயமா இருக்கு. தேஞ்சிடுச்சுன்னா?”

அவருக்குப் புரியவில்லை. துடைப்பம் டஜன் கணக்கு என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்ததால் காகிதத்தில் இல்லை என்பது தோன்றவே இல்லை.

சாயங்காலம் முடிவெட்டுகிற கடை வழியாக வந்தார். கடைக்காரன் கத்தரியைக் காற்றில் சொடுக்கிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டான்.

“அண்ணே, ஒரு சந்தேகம். உங்க ஆஸ்பத்திரித் துடைப்பம் பெருக்க மட்டும் செய்யுமா, பாட்டும் பாடுமா?”

“என்னடா உளர்ற?”

“இல்லண்ணே, அந்த விலைக்கு ஒரு பாட்டாவது பாடணும்ல?” உள்ளே முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்து நுரையை விழுங்கிவிட்டார்.

டெய்லர் அக்காவையும் விடவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் ஒருத்தி, அளவு கொடுக்கக் கையைத் தூக்கினபடியே, “உங்களுக்கென்ன அக்கா, துடைப்பத்துலயே ஒரு மாடி எழுப்பிடலாம்” என்றாள். அக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். “துணியை எடுத்துட்டுப் போம்மா. என் மாடி வீட்டுல உன் ரவிக்கைக்கு இடமில்லை” என்றாள். வந்தவள் பதறிப்போய்த் தமாஷுக்குத்தான் சொன்னேன் என்று கெஞ்சினாள். அன்றைக்கு அக்கா சோறு வடிக்கும்போதும் புருஷனுக்கு முகம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு வந்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ரசீதைக் கூப்பிட்டார்.

“துடைப்பத்தை இந்த விலைக்கா வாங்குனீங்க?”

“ஆமா மேடம். மூணு கொட்டேஷன்ல அதுதான் குறைவு.”

“ஒரு துடைப்பம் ஆயிரத்து இருநூறா?”

“ஐயோ, டஜன் மேடம்.”

“டஜன்னு எங்க இருக்கு?”

ரசீது விடுவிடுவென்று போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அவ்வளவு கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, காகிதத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். விரலுக்கு அந்த மடிப்பு தட்டுப்பட்டதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும் நீங்கள்!

மேடம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “மடிச்சீங்களா?”

“வெட்ட மனசு வரலை மேடம்.”

“நல்ல மனசுய்யா உமக்கு. கேளுங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலிடத்துலேர்ந்து விசாரிக்க ஆள் வர்றாங்க. அதுக்குள்ள முழுப் பட்டியலும் ஒழுங்கா அந்தப் பெட்டியில இருக்கணும். அடுத்த மாசம் உங்களைத் தலைமை எழுத்தராக்கச் சொல்லி நான்தான் எழுதியிருக்கேன். என் மானத்தையும் சேர்த்துக் காப்பாத்துங்க.”

பட்டியலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்குப் பறந்தார். விஷயத்தைக் கேட்டதும் டெய்லர் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. வெட்டு மேஜையில் கிடந்த துணிகளை ஒரே வாரலாக வாரிக் கீழே போட்டாள்.

“விரிங்க இங்க. ஒவ்வொண்ணா படிங்க. நாளைக்கு அந்த முடிவெட்டுறவன் கடை முன்னாடி நின்னு நான் ஒப்பிக்கணும்.”

அவர் படித்தார், அவள் தீர்ப்புச் சொன்னாள். துடைப்பம், டஜன் ஆயிரத்து இருநூறு. “ஒண்ணு நூறு. சரிதான்.” கையுறை, நூறு வைத்த பெட்டி தொள்ளாயிரம். “கொள்ளை மலிவு.” சோப்பு, ஐம்பது கட்டி போட்ட பெட்டி. “பதினஞ்சு. நான் இருபத்தஞ்சு குடுத்து வாங்குறேன், என்னையும் அங்கயே கூட்டிட்டுப் போங்க.” இப்படியே முப்பது வரி. புருஷனைப் பார்த்துத் தெரு சிரித்த சிரிப்பின் கசப்பெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்திலிருந்து கழன்று போயிற்று. அவரும் மீசையைத் தடவிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

முப்பதாவது, படுக்கை விரிப்பு, ஒன்று முந்நூற்று இருபது. “நல்ல துணின்னா அவ்வளவு ஆகும்.”

முப்பத்தொன்றாவது. தலையணை உறை, எண்ணிக்கை நாற்பத்தெட்டு, விலை தொள்ளாயிரத்து அறுபது.

“டஜன்தானே? ஒண்ணு எண்பது. சரி, அடுத்தது.”

அவர் அடுத்ததைப் படிக்கவில்லை.

“என்னங்க?”

அவருடைய விரல் கடைசிக் கட்டத்தில் நின்றிருந்தது. அங்கே டஜன் என்று இல்லை. ‘மேற்படி’ என்று இருந்தது. மேலே இருப்பதுபோலவே இதுவும் என்று அர்த்தம். மேலே இருந்தது படுக்கை விரிப்பு. அதன் அலகு ‘ஒன்று’.

“பட்டியல்ல தப்பா எழுதிட்டீங்க, அவ்வளவுதானே?” என்றாள் அவள்.

“பட்டியலைக் கோப்பைப் பார்த்துத்தான் எழுதினேன்” என்றார் மெதுவாக. “அப்பவே கொட்டேஷனை எடுத்து எழுதுறப்போ வரிசையா மேற்படி போட்டுட்டேன். ஆர்டர்லயும் அதே. பில்லும் நான்தான் எழுதினேன்.”

“ஒருவேளை நாற்பத்தெட்டு டஜன் வந்திருக்குமோ?”

“இல்ல. ஸ்டோர் அக்கா எண்ணி வாங்கினா. பதினாறு கட்டிலுக்கு மூணு மூணு. நாற்பத்தெட்டுத்தான்.”

டெய்லர் அக்கா சாக்கட்டியை எடுத்து மேஜையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டாள். கொடுத்திருக்க வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. கொடுத்தது நாற்பத்தாறாயிரத்து எண்பது. நடுவில் நாற்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. எழுதிவிட்டு, அதை உள்ளங்கையால் அழித்தாள். துணி வெட்டுகிறவள் அல்லவா, சாக்கட்டிக் கோடு அழியும் என்று அவளுக்குத் தெரியும்.

யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆர்டரில் நாற்பத்தெட்டு, ஸ்டோரில் நாற்பத்தெட்டு. ஆர்டரில் இருந்த விலைதான் பில்லிலும் இருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் சரியாக இருந்தது, கண்ணுங்களா. ஒரு தலையணை உறைக்கு அவ்வளவு விலையா என்று கேட்க ஒரு தையல்காரி வேண்டியிருந்தது.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“டஜன்னு எழுதுங்க.”

“என்னது?”

“மேற்படியை அடிச்சுட்டு டஜன்னு எழுதுங்க. மூணு எழுத்து. மத்த வரியிலயும் டஜன் இருக்குதானே, அதோட அதா போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?”

“உனக்குத் தெரியும்.”

“நான் சொல்லமாட்டேன்.”

“எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? நீங்க என்ன தின்னுட்டீங்களா? ஒரு பைசா நம்ம வீட்டுக்கு வந்துச்சா? இருபத்திரண்டு வருஷம் மாடு மாதிரி உழைச்சுட்டு, இப்பத்தான் தலைமை எழுத்தர்னு ஒரு நாற்காலி வருது. முந்தாநேத்துத் துடைப்பத்துக்கே அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க தெரியுமா? திருடன்னு சொல்வாங்க. என் காதால அதைக் கேக்கச் சொல்றீங்களா?” குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். எழுதவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கடைசியில், “கையுறை நூறுன்னு எழுதியிருக்கேனே, அது நிஜம். சோப்பு ஐம்பதுன்னு எழுதியிருக்கேனே, அதுவும் நிஜம். இந்த ஒண்ணைப் பொய்யா எழுதிட்டா, அதுங்களையும் சேர்த்துல்ல நான் கெடுத்துடுவேன்” என்றார்.

“நல்லா பேசுங்க. பேச்சை வெச்சு உலையில போடுறேன்” என்று அவள் கீழே கிடந்த துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துணிக்கடைக்குப் போனார். தலையணை உறை கொடுத்தது அந்தக் கடைதான். சின்னக் கடை. சொந்தக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். ஒரு கண்ணில் புரை. துணியைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பார். ரசீதைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க தம்பி. இன்னிக்கு என்ன, லீவு நாள்ல?”

அவர் பட்டியலிலிருந்து எழுதிக் கொண்டுவந்த சீட்டை எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா வாயைத் திறந்தபடியே கேட்டார்.

“அடப்பாவி மனுஷா! அது வட்டி இல்லையா?”

“எது அக்கா?”

“அந்தப் பணம்! திரைச்சீலை தெச்சுக் குடுத்தேனே, பதிமூணு மாசம் இழுத்தடிச்சீங்க. உறைக்கும் பதினோரு மாசம். திடீர்னு பாங்குல அவ்வளவு வந்து விழவும், சரி, அரசாங்கத்துக்கும் மனசாட்சி வந்து, லேட்டுக்கெல்லாம் சேர்த்து வட்டி போட்டுக் குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். உங்களை எத்தனை நாள் வாழ்த்தியிருக்கேன் தெரியுமா?”

“அரசாங்கம் வட்டி குடுக்காது அக்கா.”

“அது இப்ப தெரியுது. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கண்ணா தெரியுது? வாழ்த்தெல்லாம் திருப்பிக் குடுங்க முதல்ல.”

அவர் தலை குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. கடையின் புது ஷட்டரைக் காட்டினார். “பாதி அதோ தொங்குது. பழசு துருப்பிடிச்சு என் தோள்மேல விழுந்துச்சு. மீதி இருக்கு, எடுத்துத் தர்றேன். ஷட்டர் பணத்தை மாசாமாசம் கட்டுறேன். ஜெயில்ல கியில்ல போடுவாங்களா?”

“உங்களை இல்ல அக்கா. தப்பு என்னோடது.”

“உங்களைப் போட்டாலும் எனக்குக் கஷ்டம்தான். பில்லு யாரு எழுதித் தருவா?” என்றார் அந்த அம்மா, ரொம்ப நிஜமான கவலையோடு. கருவூலத்தில் சலான் கட்டித் திருப்பித் தருவதாக ஒரு கடிதம் எழுதினார்கள். இந்தத் தடவை ரசீது அதை உரக்க இரண்டுமுறை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு எண்ணையும் அந்த அம்மாவின் வாயால் சொல்லவைத்து, அதற்கப்புறம்தான் கையெழுத்துக் கேட்டார்.

மத்தியானம் வீட்டில், வெட்டு மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டியலின் அடியில் ஒட்ட வேண்டிய குறிப்பை எழுதினார். எழுதினார், கிழித்தார். திரும்ப எழுதினார். டெய்லர் அக்கா மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால் நின்று நின்று ஓடியது. அவர் எட்டாவது காகிதத்தை எடுத்தபோது எழுந்து வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன இவ்வளவு பொடியா எழுதியிருக்கீங்க?”

“இடம் பத்தலை.”

“மேல துடைப்பத்தை அவ்வளவு பெருசா போட்டுட்டு, தப்பை எறும்பு மாதிரி எழுதினா ஜனங்க என்ன நினைப்பாங்க? அதே அளவுல எழுதுங்க.” பட்டியலின் அகலத்தைச் சாணால் அளந்தாள். “பட்டியலையும் மறுபடி மடிச்சுத் தொலைக்காதீங்க. பெட்டி அகலம்தான் கம்மி, உயரம் இருக்குல்ல? ரெண்டா வெட்டி மேலயும் கீழயுமா ஒட்டி, கீழ்த் துண்டுலயும் வரிசை எண்ணைப் போடுங்க. துணி பத்தலைன்னா ஒட்டுப் போடுறதில்லையா?”

அவர் வெட்டத் தயங்கினார். அவளே வாங்கி, தன் கத்தரியால், ஒரே ஓட்டத்தில் நேராக வெட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ரசீது மேடத்தின் அறை வாசலில் நின்றார். மேடம் குறிப்பைப் படித்தார். கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“துணிக்கடை அம்மா கட்டாம போனா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க.”

“தெரியும் மேடம்.”

“தலைமை எழுத்தர் இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் நான் கேக்கத்தான் முடியும்.”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சுமா எழுதிட்டு வந்தீங்க?” குறிப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்து, “போய் ஒட்டுங்க. கோணலில்லாம ஒட்டுங்க” என்றார். பிறகு தண்ணீர் டம்ளரைத் தேடுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு விசாரிக்க வந்தவர்கள் மேடத்தின் அறையில் கோப்புகளை விரித்திருந்தார்கள். ஆனால் உண்மையான விசாரணை கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான். முடிவெட்டுகிறவன் கடையை மாமனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். நல்ல குரல் அவனுக்கு. தானே முன்னால் நின்று உரக்கப் படித்தான்.

“துடைப்பம்... டஜன் ஆயிரத்து இருநூறு. அட, டஜனாம்ப்பா! பாட்டு பாடாது, விடுங்க.” கூட்டம் சிரித்தது. “கையுறை... நூறு. சோப்பு... ஐம்பது. யோவ், எல்லாம் சரியாத்தான்யா இருக்கு.” ரசீது பத்தடி தள்ளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

முடிவெட்டுகிறவன் அடியில் இருந்த குறிப்புக்கு வந்தான். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

“வரிசை எண் முப்பத்தொன்று, தலையணை உறை. டஜன் விலையை ஒன்றின் விலையாக எழுதியது கொள்முதல் எழுத்தரின் பிழை. கூடுதலாகக் கொடுத்த பணம் நாற்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. விற்றவர் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். பணம் வர வர இங்கே எழுதப்படும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “மாட்டிக்கிட்டதும் எழுதுறான். மனு போகலைன்னா எழுதியிருப்பானா?”

“மாட்டலை.”

எல்லோரும் திரும்பினார்கள். டெய்லர் அக்கா. கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தாள். அவள் வருவாள் என்று ரசீதுக்கே தெரியாது.

“யாரும் அவரைப் பிடிக்கலை. மனுவுல துடைப்பம்தான் இருந்துச்சு, தலையணை உறை இல்ல. அதை நான்தான் பார்த்தேன், எங்க வீட்டுல, கதவைச் சாத்திட்டு. டஜன்னு எழுதிடுங்க, யாருக்கும் தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். பேனாவைக் கையிலகூடக் குடுத்தேன்.” மூச்சு வாங்கினாள். “அவர் எழுதலை. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. கடை அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

யாரும் திட்டவில்லை. பின்னாலிருந்த குரலுக்கு உரியவர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முடிவெட்டுகிறவன் தலையைச் சொறிந்தான். “அக்கா, நான் சொன்ன பாட்டெல்லாம்...” என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டான்.

அப்போது பெட்டிக்கு மிக அருகில் நின்றிருந்த ஒருவர், சட்டை முழுக்க வியர்வை, கண்ணாடிமேல் விரலை வைத்துக் கேட்டார்.

“இந்த முப்பத்திநாலாவது வரி. சக்கர நாற்காலி, ரெண்டுன்னு போட்டிருக்கு.”

“ஆமா” என்று ரசீது தூணை விட்டு வந்தார். “ரெண்டு வாங்கினோம். ஏன்?”

“எங்கம்மாவை இப்பத்தான் வாசல்லேர்ந்து தோள்ல தூக்கிட்டு வந்தேன். கேட்டதுக்கு இல்லைன்னாங்க. தப்பிருந்தா தப்புன்னே எழுதுறீங்க. அப்ப இங்க ரெண்டுன்னு போட்டிருந்தா, ரெண்டு இருக்கணும்ல சார்?”

அவரைச் சார் என்று அந்த வாசலில் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. அது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் அவர் ஸ்டோரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அந்த மகனும், முடிவெட்டுகிறவனும், அளவு டேப் பறக்க டெய்லர் அக்காவும்.

“அழுக்காயிடும்னு உள்ள வெச்சிருந்தேன்ணே” என்றாள் ஸ்டோர் அக்கா, சாவியைத் தேடிக்கொண்டே.

பெரிய அலமாரிக்குப் பின்னால், வாங்கின அன்றைக்கு இருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், இரண்டும் பளபளவென்று நின்றிருந்தன. டெய்லர் அக்கா உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ரசீது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சக்கரம் உருண்டே பழகாததால் கீச்சுக் கீச்சென்று கத்தியது. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுவரோரப் பெஞ்சில் சாய்ந்திருந்த அந்தத் தாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மகன் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகக் கைகொடுத்து, “பார்த்து உட்காருங்கம்மா, மெதுவா” என்றார்.